சமூக நிறுவனம், பண்பாடு, சமத்துவமின்மை: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிவாரிப் பட்டத்துக்குச் சமூகவியல் எடுத்த பிள்ளைகளுக்கு அறிமுகப் பாடத்தில் உதவி செய்து வருகிறேன். சாவகச்சேரியில் இருந்து வந்தாலும் காரைநகரில் இருந்து வந்தாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் பிறகு வருபவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பதில்களுக்கான உதாரணங்களை முடிந்தவரை எங்கள் ஊரில் இருந்தே எடுத்திருக்கிறேன். கோட்பாடு ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ பிறந்திருந்தாலும் அதைச் சோதித்துப் பார்க்க எங்கள் ஒழுங்கை போதும்.

சமூகவியல் எண்டால் சமூக சேவைதானே சேர்?

இல்லை. ஒரு குடும்பம் கஷ்டத்தில் இருந்தால் அதற்கு இன்று என்ன செய்யலாம் என்று சமூக சேவை பார்க்கும். அதே மாதிரிப் பல குடும்பங்கள் ஏன் அதே கஷ்டத்தில் இருக்கின்றன என்று சமூகவியல் பார்க்கும். ஒன்று மற்றதுக்கு உதவும். ஆனால் வேலை வேறு.

இந்தத் துறைக்கு 1838இல் பெயர் வைத்தவர் பிரான்சின் ஓகுஸ்ட் கொம்ட். அதை ஓர் ஆய்வுத்துறையாக நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் எமில் டேர்கைம். அவர் 1897இல் வெளியிட்ட ஆய்வு தற்கொலை பற்றியது. மனிதர் எடுக்கும் ஆகத் தனிப்பட்ட முடிவு அது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதில்கூட மதத்துக்கு மதம், மணமானவருக்கும் ஆகாதவருக்கும் இடையில், ஆண்டுக்கு ஆண்டு ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் எண்ணிக்கைகளை வைத்துக் காட்டினார். ஒருவருடைய மனம் மட்டுமல்ல, அவர் மற்றவர்களோடு எவ்வளவு பிணைந்திருந்தார் என்பதும் அதற்குள் இருக்கிறது என்றார். இந்தப் பார்வை பிடிபட்டால் மீதிப் பாடம் லேசு.

சமூக நிறுவனம் எண்டால் பாங்க், பள்ளிக்கூடம் மாதிரி ஒரு இடமோ?

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வங்கிக் கிளை, ஒரு கல்லூரி, ஒரு கூட்டுறவுச் சங்கம் எல்லாம் அமைப்புகள். அவற்றுக்குப் பெயர்ப்பலகையும் முகவரியும் அங்கத்தவரும் உண்டு. சமூக நிறுவனம் என்பது ஒரு தேவையைச் சுற்றி நிலைத்துப் போன விதிகளின் தொகுதி. யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அது சொல்லும். திருமணத்துக்குக் கட்டடம் இல்லை. ஆனால் மணமகளின் தம்பி தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்து வருவது வரைக்கும் அதற்கு விதி இருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30 போரால் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தார்கள். பள்ளிக்கூடக் கட்டடங்கள் வெறுமையாகக் கிடந்தன. ஆனால் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. பிறகு தென்மராட்சிப் பாடசாலைகளில் காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகளும் பின்னேரம் இடம்பெயர்ந்த பிள்ளைகளும் படித்தார்கள். ஆசிரியர் யார், மாணவர் யார், பாடத்திட்டம் எது, சோதினை எது என்ற விதிகள் ஆட்களோடு சேர்ந்து நடந்து போயிருந்தன.

இன்னொன்று, சீட்டு. ஒழுங்கையில் பத்துப் பெண்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டுக்குப் பதிவும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. பொறுப்பாக நிற்பவர் ஒரு சி.ஆர். கொப்பியில் பெயரும் மாதமும் எழுதிக் கோடு போடுவார், அவ்வளவுதான். ஆனால் முதல் மாதமே காசை எடுத்துவிட்டு ஒருவர் கட்டாமல் விட்டால், அவருடைய பிள்ளையின் கலியாணப் பேச்சு வரைக்கும் அந்தக் கதை வரும். வழக்கும் பொலிசும் இல்லாமலே தண்டனை இருக்கிறது. அதனால்தான் அதை நிறுவனம் என்கிறோம்.

குடும்பம், மதம், கல்வி, பொருளாதாரம், அரசியல் எண்டு அஞ்சையும் பாடமாக்கினால் காணாதோ?

பட்டியல் சரி. சிலர் மருத்துவத்தையும் ஊடகத்தையும் சேர்ப்பார்கள், அதுவும் சரி. ஆனால் பட்டியலால் ஒன்றும் விளங்காது. ஒரு நிறுவனம் வெளியே சொல்லிச் செய்யும் வேலை என்ன, சொல்லாமல் செய்யும் வேலை என்ன என்று பிரித்துப் பாருங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபர்ட் மேர்ட்டன் முதலாவதை வெளிப்படைத் தொழிற்பாடு என்றும் இரண்டாவதை மறைமுகத் தொழிற்பாடு என்றும் பிரித்தார்.

ரியூசன் கொட்டிலை எடுங்கள். உயர்தரத்துக்குப் பாடம் முடித்துக் கொடுப்பது வெளிப்படை வேலை. வேறு வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடமாக இருப்பது மறைமுக வேலை. அதைவிடப் பெரிதாக ஒன்றும் நடக்கிறது. பள்ளிக்கூடம் இலவசம்தான், ஆனால் அது மட்டும் போதாது, மீதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதைப் பதினாறு வயதிலேயே ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதும் அந்தக் கொட்டில்தான்.

எங்கட ஆக்களிட்ட பண்பாடு இருக்கு, சில ஆக்களிட்ட இல்லை எண்டு வீட்டில சொல்லுகினம். சரியோ?

சமூகவியலில் அப்படிச் சொல்ல முடியாது. ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871இல் கொடுத்த விளக்கத்தை இன்னும் எல்லாப் பாடநூலும் சொல்கிறது. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று ஒரு மனிதர் சமூகத்தின் உறுப்பினராக இருந்து பெற்றுக்கொள்ளும் எல்லாம் சேர்ந்ததே பண்பாடு. அது பிறப்போடு வருவதில்லை, பழகி வருகிறது. சமூகத்தில் வளர்ந்த எவருக்கும் அது இருந்தே தீரும்.

பரதமும் நாதஸ்வரமும் மட்டும் பண்பாடு அல்ல. தளநார் போட்டுப் பனையில் ஏறி, பாளையைத் தட்டிச் சீவி முட்டி கட்டுபவரின் கையில் இருப்பதும் பண்பாடுதான். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்து, எந்தக் காற்றுக்கு எந்த வலை என்று குருநகரிலோ பாசையூரிலோ ஒருவர் சொல்வதும், அதே ஊரில் இரவு முழுக்க ஆடும் கூத்தும் பண்பாடுதான். தன்னுடைய குழுவின் வழக்கத்தை அளவுகோலாக வைத்து மற்றவர்களை அளப்பதற்கு இனமையவாதம் என்று பெயர். அமெரிக்கரான வில்லியம் சம்னர் 1906இல் அந்தக் கருத்தைப் பரவச் செய்தார்.

மற்றவர் வழக்கத்தை அவருடைய இடத்தில் நின்று விளங்கிக்கொள்வதற்குப் பண்பாட்டுச் சார்புவாதம் என்று பெயர். இது விளங்கிக்கொள்வதற்கான முறை மட்டும்தான், எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லும் கட்டளை அல்ல. தேத்தண்ணிக் கடையில் சாதியைப் பார்த்துச் சிலருக்கு வேறாகப் போத்தலில் கொடுத்ததும் ஒரு காலத்தில் “எங்கள் வழக்கம்” என்றுதான் நியாயப்படுத்தப்பட்டது.

வழமை, ஒழுக்கம், சட்டம் மூண்டையும் எப்பிடிப் பிரிக்கிறது?

மீறினால் என்ன நடக்கிறது என்பதை வைத்துப் பிரியுங்கள். செத்தவீட்டுக்குப் பளிச்சென்ற நிறத்தில் உடுத்திக்கொண்டு போனால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள், அதோடு முடிந்தது. அது வழமை. பக்கத்து வளவில் சாவு நடந்தும் எட்டிப் பார்க்காமல் விட்டால் உறவே முறியும். உங்கள் வீட்டில் ஒன்று நடக்கும்போது பந்தல் போட ஆள் வராது, எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்கும் வராது. அது ஒழுக்க விதி. இறப்பைப் பதியாமல் விட்டால் அரசாங்கம் கேட்கும். அது சட்டம். முதல் இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விரிவாக எழுதியவரும் மேலே சொன்ன சம்னர்தான்.

தேசவழமை பழைய காலத்து வழக்கம்தானே. அது ஏன் சமூகவியலுக்குள்ள வருது?

வழமை எப்படிச் சட்டமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்காது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஆளுநர் கோர்னெலிஸ் சிமொன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவை என்ற நிர்வாகப் பதவியில் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களை 1706இல் தொகுத்தார். அந்தத் தொகுப்புத்தான் தேசவழமை. 12 முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக உறுதிப்படுத்தினார்கள். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம் (மகளுக்குக் கலியாணத்தில் கொடுத்தது), தேடியதேட்டம் (மணமான பிறகு தேடியது) என்ற மூன்று வகைச் சொத்து, ஒரு காணியை விற்கும்போது பங்காளிக்கு இருக்கும் முன்வாங்கும் உரிமை எல்லாம் அதில் இருந்து வருபவை. இன்றைக்கும் உறுதி முடிக்கப் போனால் நொத்தாரிசு அந்தச் சொற்களைத்தான் கேட்பார்.

யாரிடம் கேட்டு எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பதவியும் காணியும் இருந்த ஆண்களிடம் கேட்டு எழுதப்பட்டது. அதில் அடிமைகள் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அடிமையாக இருந்தவர்கள் அதைச் சரிபார்க்கவில்லை, பெண்களும் சரிபார்க்கவில்லை. வாய்வழியாக இருக்கும்போது வழக்கம் ஊருக்கு ஊர் வளைந்து கொடுக்கும். எழுதியதும் இறுகிப் போகும். பிறகு மாற்ற வேண்டுமென்றால் 1911இலும் 1947இலும் செய்தது போல இன்னொரு சட்டம் கொண்டுவர வேண்டியிருக்கும். எந்த விதியைப் பார்த்தாலும் யார் சொன்னது, யாரைக் கேட்டார்கள், யார் அதன் விலையைக் கட்டுகிறார்கள் என்று கேட்டுப் பழகுங்கள். இந்தப் பாடத்தில் நான் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

சீதனம் பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே குடுக்கிறது. அதில என்ன அநியாயம்?

நல்ல கேள்வி. இந்தியாவில் வரதட்சணை பற்றி எழுதப்பட்டதை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. யாழ்ப்பாணத்தில் மகளுக்கு வீடும் காணியும் அவளுடைய பெயரில் எழுதிக் கொடுப்பது நீண்ட கால வழக்கம். அதனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். தாயும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். பிள்ளைப்பேற்றிலும் வருத்தத்திலும் அது அவளுக்குப் பெரிய பலம். மாமியார் வீட்டுக்குப் போய்த் தனித்து நிற்கும் பெண்ணின் நிலை வேறு, இவளுடைய நிலை வேறு.

ஆனால் சொத்து பெயரில் இருப்பது ஒன்று, கையில் இருப்பது இன்னொன்று. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று வைத்தது. கணவன் எங்கே என்று தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம் என்று ஒரு வழியும் விட்டது. போருக்குப் பிறகு இது எத்தனை பெண்களை அலைக்கழித்தது என்று யோசித்துப் பாருங்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருக்கிறார். காணி தாய் தந்தை தனக்குத் தந்தது. பிள்ளையின் படிப்புக்கு அதில் ஒரு பரப்பை விற்க வேண்டும். அதற்கு நீதிமன்றம் ஏற வேண்டும், சட்டத்தரணிக்குக் காசு தேட வேண்டும், அதோடு அவரைப் பற்றி இன்னொரு முறை எழுத்தில் சொல்ல வேண்டும்.

அடுத்தது டொனேசன். வீடு காணிக்கு மேலாக மாப்பிள்ளை பகுதிக்குப் போகும் காசு அது. பல வீடுகளில் அது மாப்பிள்ளையின் கையில் நிற்பதும் இல்லை, அவருடைய தங்கைக்குச் சீதனமாகப் போய்விடும். வெளிநாட்டில் இரண்டு வேலை செய்யும் தமையன் தங்கைகளைக் கரைசேர்க்கும் வரைக்கும் தன் கலியாணத்தைத் தள்ளிப் போடுகிறார். காணி இல்லாத, மூன்று பெண்பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இந்த வட்டத்துக்குள் நுழையவே வழியில்லை. என் கருத்தைக் கேட்டால், பெண்ணின் பெயரில் காணி வருவது நல்லது. அதைப் பேரம் பேசி வாங்குவதும், வந்த பிறகு அவளுடைய கையைக் கட்டுவதும் அநியாயம்.

சாதியும் வர்க்கமும் ஒண்டுதானே? ரெண்டும் ஏற்றத்தாழ்வுதானே?

இரண்டும் சமூக அடுக்கமைவின், அதாவது ஆட்களை மேலே கீழே என்று அடுக்கி வைக்கும் முறையின், வடிவங்கள். ஆனால் அவை ஒன்றல்ல. கார்ல் மார்க்ஸுக்கு வர்க்கம் என்பது நிலம், ஆலை போன்ற உற்பத்திச் சாதனம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜெர்மன் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் அதைப் பிரித்துப் பார்த்தார். பொருளாதார வலு ஒன்று, மற்றவர்கள் கொடுக்கும் மதிப்பு இன்னொன்று, முடிவுகளைத் தன் பக்கம் திருப்பும் அரசியல் பலம் மூன்றாவது. மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சாதி பிறப்பால் ஒட்டிக்கொள்வது. உழைத்தாலும் படித்தாலும் அது மாறாது. திருமணத்தை வேலியாக வைத்து அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

யாழ்ப்பாணத்துச் சாதி அமைப்பை இந்தியப் பாடநூலில் உள்ள படியை வைத்து எழுதினால் பிழைக்கும். இங்கே மேல்நிலை காணியோடு ஒட்டியிருந்தது. நிலமும் எண்ணிக்கையும் வெள்ளாளரிடம் இருந்தன. பிராமணர் சடங்கில் உயர்ந்தவர்கள், ஆனால் பல கோயில்களில் அவர்கள் கோயிலின் சொந்தக்காரரான முதலாளியின் கீழ் பூசை செய்பவர்கள். இந்தியச் சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் ஆதிக்கச் சாதி என்று விளக்கியது இங்கே நன்றாகப் பொருந்தும். அதற்குக் கீழே, நல்லது கெட்டதுக்குத் தொழில் செய்யக் கட்டுப்பட்ட குடிமைகளும், அடிமைகளாக வைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.

இப்ப ஆர் சேர் சாதி பாக்கினம்? ஏன் பழசைக் கிளறுறியள்?

இதைக் கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பஸ்சிலும் கன்ரீனிலும் வகுப்பிலும் அவர்கள் அதைக் காணவில்லை, அதனால் கேட்கிறார்கள். காணாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு போராட்டம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1930 அளவில் உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது அதை எதிர்த்தவர்கள் சில பள்ளிக்கூடங்களையே எரித்தார்கள். 1957இல், சாதியைக் காட்டி ஒருவரைப் பொது இடத்தில் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் தேத்தண்ணிக் கடைக் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போனது, பொலிசார் அடித்தார்கள், பிறகு சங்கானை, சாவகச்சேரி என்று ஒவ்வொரு கடையாகப் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடக் கேட்டு அமர்ந்தபோது, முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் முன்னின்று தடுத்தார்.

இன்றைய நிலைக்கு வருவோம். பொது இடத்தில் சாதி பின்வாங்கியிருக்கிறது, வீட்டுக்குள் பின்வாங்கவில்லை. கலியாணத் தரகரிடம் போனால் சாதகத்துக்கு முன்பே அது பேசப்படும். காணி விற்கும்போது “எங்கட ஆக்களுக்குத்தான்” என்று சொல்லப்படும். சில கோயில்களில் யார் தேர் வடம் பிடிப்பது, யாருக்குத் திருவிழா உபயம் என்பதில் தெரியும். போரில் இடம்பெயர்ந்தவர்களின் நலன்புரி முகாம்களில் ஆகக் கடைசி வரைக்கும் இருந்தவர்களைப் பாருங்கள். காணி இல்லாததால் திரும்பிப் போக இடமில்லாதவர்கள் அவர்களில் பலர். காணி ஏன் இல்லை என்று ஒரு தலைமுறை பின்னால் போனால் சாதியில் போய் நிற்கும். தேசவழமைக் கேள்வியின் கடைசியில் சொன்னதை இங்கே கேட்டுப் பாருங்கள்: சாதி இல்லை என்று சொல்வது யார், அதன் விலையைக் கட்டுவது யார்?

நல்லாப் படிச்சால் ஆரும் முன்னுக்கு வரலாம்தானே?

வந்திருக்கிறார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்திராவிட்டால் எங்களில் பலர் இந்தப் பக்கத்தை வாசிக்கவே முடிந்திராது. திறமை உள்ளவர்களை முக்கியமான வேலைகளுக்கு இழுக்கத்தான் சமூகம் கூடுதல் சன்மானம் கொடுக்கிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கிங்ஸ்லி டேவிஸும் வில்பேர்ட் மூரும் 1945இல் எழுதினார்கள். மெல்வின் டியூமின் 1953இல் அதை மறுத்தார். தொடக்கத்திலேயே சமமற்ற வாய்ப்பு இருந்தால் யாரிடம் திறமை இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்பது அவருடைய கேள்வி.

அதை இங்கே பாருங்கள். பல்கலைக்கழகத்தில் பல பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. மாவட்டங்களுக்கு இடையிலான இடைவெளியை இது கொஞ்சம் சரிசெய்யும். ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே நல்லூரில் இருக்கும் பிள்ளைக்கும் நெடுந்தீவில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. நெடுந்தீவுப் பிள்ளை இரசாயனவியல் ரியூசனுக்கு வர வேண்டுமென்றால் குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. மருதங்கேணிப் பக்கத்துப் பிள்ளைக்குக் கடல் தடையில்லை, தூரமும் பஸ்சும் தடை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் போர்தியு இன்னொன்றைச் சேர்த்தார்: பண்பாட்டு மூலதனம். வீட்டில் புத்தக அலுமாரி, ஆங்கிலம் பேசும் ஒரு மாமா, எந்தப் பாடம் எடுத்தால் எங்கே போகலாம் என்று தெரிந்த அம்மா. இவை காசு அல்ல, ஆனால் காசு மாதிரி வேலை செய்யும். பள்ளிக்கூடம் இதைத் திறமை என்று எண்ணிப் புள்ளி போட்டுவிடுகிறது.

வெளிநாட்டுக் காசு வந்த பிறகு எல்லாரும் சமம் ஆகேல்லையோ?

சிலருடைய இடம் உயர்ந்தது. அதைச் சமூக அசைவு என்கிறோம். ஒரு காலத்தில் குடிசையில் இருந்த குடும்பம் மாடிவீடு கட்டியிருக்கிறது, அதில் மகிழ்ச்சிதான். வெபரின் பிரிப்பை இங்கே திரும்ப எடுங்கள். வர்க்கம் மாறிய வேகத்தில் அந்தஸ்து மாறுவதில்லை. அதனால்தான் பலர் அந்தக் காசைக் கோயில் திருப்பணியிலும் உபயத்திலும் போடுகிறார்கள். மதிப்பு அங்கேதான் கணக்குப் பார்க்கப்படுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. வெளியே ஆள் இல்லாத குடும்பத்துக்கு இப்போது காணி விலை எட்டவே எட்டாது. ஒரே ஒழுங்கையில் கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கும் கனடாக் காசு வரும் வீட்டுக்கும் இடையில் புதிதாக ஒரு தூரம் வந்திருக்கிறது.

பொம்பிளையள் படிச்சு வேலைக்குப் போகினம். அப்ப ஆண் பெண் சமத்துவம் வந்திட்டுதுதானே?

யாழ்ப்பாணத்தில் பெண் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் 1824இல் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். இன்று ஆசிரியர்களிலும் பிரதேச செயலகங்களில் வேலை செய்பவர்களிலும் பெண்கள் நிறையப் பேர். ஆனால் நாலரைக்கு வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமலே அடுப்பை மூட்டுபவர் யார்? ஆர்லி ஹொக்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அதை இரண்டாவது பணிமுறை என்றார். முதல் பணிமுறைக்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்கு இல்லை.

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களை இதில் சேர்த்துப் பாருங்கள். உழைப்பதும் அவர், சமைப்பதும் அவர், நுண்கடன் கிழமைக் கட்டுக்காசு கேட்டு ஆள் வரும்போது படலையில் நிற்பதும் அவர். அப்படி ஊரையே தாங்கும் பெண்ணை, கணவர் இல்லை என்பதற்காக, சொந்த மகளின் கலியாணத்தில் ஆராத்தி எடுக்க விடாமல் ஒதுக்கி வைக்கிறோம். சட்டத்தில் இருந்த தடையைச் சீதனக் கேள்வியில் சொன்னேன். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனாலும் இன்னும் கடுமையாகக் காக்கப்படுகிறது.

கலாசாரம் கெட்டுப் போச்சு எண்டு பெரியாக்கள் சொல்லுகினம். உண்மையோ?

மாறியிருக்கிறது. மாறாத பண்பாடு எங்கேயும் இல்லை. பொருள்கள் வேகமாக மாறும், விதிகளும் நம்பிக்கைகளும் பின்னால் மெதுவாக வரும். அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ஒக்பேர்ன் 1922இல் இதற்குப் பண்பாட்டுப் பின்னடைவு என்று பெயர் கொடுத்தார். கைத்தொலைபேசி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வந்துவிட்டது. அதை எப்போது, யாரோடு, எவ்வளவு என்ற விதி இன்னும் ஊருக்குள் முடிவாகவில்லை. பெரியவர்களின் பதற்றம் அந்த இடைவெளியில் பிறக்கிறது, அதைக் கேலி செய்யக் கூடாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். “கெட்டுப் போச்சு” என்ற பட்டியலில் பெண்பிள்ளையின் உடுப்பு முதலாவதாக வரும். வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியோ, கசிப்போ, பெடியளின் மோட்டார் சைக்கிள் ஓட்டமோ பெரும்பாலும் கலாசாரம் என்ற பெயரில் பேசப்படுவதில்லை.

ஏற்றத்தாழ்வு எல்லா இடத்திலயும் இருக்கு. அப்ப அது இயற்கைதானே?

எல்லா இடத்திலும் இருப்பதெல்லாம் இயற்கை ஆகிவிடாது. 1706இல் அடிமை முறை இங்கே எழுதப்பட்ட வழக்கமாக இருந்தது. 1844இல் சட்டப்படி ஒழிந்தது. 1931இல் இலங்கையில் எல்லா வளர்ந்தோருக்கும் வாக்குரிமை வந்தது. அதற்கு முன் கூலியாளும் பெண்ணும் வாக்குப் போடலாமா என்று படித்தவர்களே எதிர்த்துப் பேசினார்கள். இயற்கை என்று ஒரு தலைமுறை அடித்துச் சொன்னது அடுத்த தலைமுறைக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கட ஊரைப் பற்றி நாங்களே ஆராய்ந்தால் பக்கச்சார்பு வராதோ?

வரும். வெளியாள் செய்தாலும் வரும். என்ன கேள்வியைத் தேர்வது என்பதில் எங்கள் விழுமியம் இருக்கலாம், கிடைத்த விடையை அதற்காக வளைக்கக் கூடாது என்பது வெபரின் நிலை. உள்ளூர்க்காரருக்கு உள்ள பெரிய ஆபத்து, பழகிப் போனதைப் பார்க்காமல் விடுவது. “யாழ்ப்பாணச் சமூகம்” என்று தலைப்புப் போடும் பிள்ளைகள் பலர் முஸ்லிம்களை மறந்துவிடுகிறார்கள். சோனகதெருவிலும் சுற்றுப்புறத்திலும் தலைமுறை தலைமுறையாக இருந்த தமிழ் பேசும் மக்களை 1990 ஒக்ரோபர் 30 விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அந்தத் தலைப்பே பிழை.

வீட்டுக்குப் போய் “நீங்கள் என்ன சாதி” என்று கேட்காதீர்கள். அது புண்படுத்தும், விடையும் சரியாக வராது. எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள், எந்த மயானம், காணி எப்போது எப்படி வந்தது, எந்தக் கோயிலில் உபயம் என்று கேளுங்கள். அதற்கு அவர்களே விரிவாகச் சொல்வார்கள். பெயரை மாற்றி எழுதினால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். சின்ன ஊரில் “தையல் வேலை, மூன்று பிள்ளைகள், கணவர் 2009இல் காணாமல் போனவர்” என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆய்வுக்குத் தேவையில்லாத விவரத்தை எடுத்துவிடுங்கள். தேவையானதை அவருக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், எவ்வளவு நல்ல தகவலாக இருந்தாலும் அந்தப் பகுதியை விட்டுவிடத்தான் வேண்டும்.